இரண்டாவது கார்டு

"கேமரா கீழே விழுந்ததுக்கா ஒரு பொம்பளை மூணு நாள் சோறு தண்ணி இல்லாம கிடப்பா? கதையை இழுக்காதீங்க" என்று ஆரணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நியாயமான கோபம்தான். கீழ்பென்னாத்தூர் மண்டபத்துப் படியில் ஜீனத்தின் கை நழுவிக் கேமரா உருண்டதையும், அவள் மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்ததையும் சொல்லிப் போன வாரம் விட்டுவிட்டேன். அவள் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஜுபைரும் ஜீனத்தும் வேங்கிக்காலில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி. கல்யாண வீடுகளில் படம் எடுப்பது இருவருக்கும் தொழில். நிக்காஹ் வீட்டில் ஆண்கள் பக்கம் அவன். திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் முக்காடு நழுவினாலும் கவலைப்படாமல் சிரித்துப் பேசும் இடத்தில், அவள்.

அந்தப் பக்கத்துப் படம் ஓர் ஆம்பளைக் கண்ணில் படக்கூடாது. அதற்காகவே ஜீனத்தைத் தேடி வருகிறார்கள். பிரிண்ட் கூட அவளே வீட்டில் போடுவாள். ஆல்பம் கொடுக்கும் அன்று பெண்ணின் அம்மாவை எதிரே உட்காரவைத்து, கார்டிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பதையெல்லாம் அழித்துக் காட்டுவாள். "பார்த்துக்குங்க மாமி, இனிமே உங்ககிட்ட இருக்கறதுதான்" என்பாள். அவளுடைய கேமராவை ஜுபைர்கூடத் தொடமாட்டான். கட்டின புருஷனுக்கே அந்தச் சட்டம்.

சட்டம் போட்டவளே அதை மீறியிருந்தாள். அதுதான் விஷயம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போளூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். ஆல்பம் மழைத்தண்ணீரில் ஊறிப்போனதாம். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அவளுடைய அம்மா காலமாகிவிட்டார். "அதுலதான் அக்கா எங்கம்மா சிரிச்சிக்கினு இருப்பாங்க. ஒண்ணாவது இருக்கா பாருங்களேன்" என்று கேட்டு, இல்லை என்றதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஜீனத்துக்கு அழிக்க மனசு வரவில்லை. அவளுடைய கேமராவில் இரண்டு கார்டு போடலாம். எடுக்கிற படம் இரண்டிலும் பதிவாகும்படி வைத்துக்கொண்டாள். முதல் கார்டை அம்மாக்கள் எதிரே அழிப்பாள். இரண்டாவது கேமராவுக்குள்ளேயே கிடக்கும். ஒரு வருஷம் கழிந்த படங்களை மட்டும் அவளே அழித்துவிடுவாள். கார்டை வெளியே எடுத்து வைத்தால் யார் கண்ணிலாவது படும் என்று பயம். கேமராவைத்தான் யாரும் தொடமாட்டார்களே!

நல்லெண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நல்லெண்ணம். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

படியில் விழுந்ததிலிருந்து கேமரா உயிர் பெறவில்லை. இரண்டாவது கார்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது. அழுத்தினால் வெளியே தள்ளும் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. புருவம் திருத்தும் இடுக்கியால் மூன்று நாளாக நோண்டிப் பார்க்கிறாள், அசையவில்லை. பதினொரு வீட்டுப் பெண்கள் அதற்குள் இருக்கிறார்கள்.

அதில் ஒரு வீடு, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருக்கும் மஸ்தான் வீடு. அவருடைய மகள் பிர்தௌஸை ஜுபைரின் தம்பி தல்ஹாவுக்குப் பெண் கேட்டதும், பிர்தௌஸின் அம்மா அஜ்மத் பேகம் "போட்டோ எடுக்குற வீட்டுக்கா?" என்று ஒரே வார்த்தையில் முடித்ததும், இரண்டு மாதத்துக்கு முன்பு அவளை ஆம்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கல்யாணத்தைப் படம் எடுத்தவளும் ஜீனத்துதான். தொழில் ஆயிற்றே, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கல்யாணம் முடிந்த மறுவாரம் தல்ஹா அண்ணியிடம் வந்து நின்றான். "பாபி, ஒரே ஒரு படம் காட்டுங்க. பார்த்துட்டு மறந்துடறேன்." அவள் சொன்னாள்: "அல்லா மேல ஆணையா எல்லாத்தையும் அழிச்சிட்டேன் தல்ஹா."

அவன் நம்பினான். அன்றிலிருந்து வீட்டில் யாருடனும் நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

இனி இன்றைக்கு நடந்தது.

வெள்ளிக்கிழமை. கிரிவலப் பௌர்ணமியும் சேர்ந்து வந்திருந்தது. விடிந்ததிலிருந்து வேலூர் ரோட்டில் ஹாரன் சத்தம் ஓயவில்லை. ஜுபைர் தோசையைப் பிட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கிழமை நிக்காஹ் இருக்கு ஜீனத். கையில கேமரா இல்ல. என்ன பண்ணப் போற?"

"ரிப்பேர் பண்ணிக்கலாங்க."

"முருகவேல்கிட்ட போன்ல கேட்டுட்டேன். ஷட்டர் மாத்தணுமாம். விழுந்ததுல போர்டும் போயிருந்தா கதை முடிஞ்சது. பார்ட்ஸ் வரவே இருபது நாளு ஆகும். அதுவும் ஏழு வருஷத்துப் பழைய மாடல், கிடைச்சாத்தான் உண்டுங்கறான்."

"எனக்கு அதுதான் கை பழகிடுச்சு."

"எல்லாம் பத்து நாள்ல பழகிடும். மிரர்லெஸ்னு புது மாதிரி கேமரா ஒண்ணு எக்ஸ்சேஞ்சுல தரேங்கறான். சத்தமே வராது. பழசக் குடுத்தா புதுசு இன்னிக்கே கையில."

"லென்ஸ் எல்லாம் சேராதே!"

"அடாப்டர் போட்டா சேரும். நீதானே போன வருஷம் எனக்குப் பாடம் எடுத்த?"

ஜீனத் கல்லில் இன்னொரு தோசை ஊற்றினாள். எந்தக் கடைக்காரன் திறந்தாலும் முதலில் கைக்கு வரப்போவது அந்தக் கார்டுதான். ரிப்பேர் என்றால் பக்கத்தில் நின்று பிடுங்கிக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் என்றால் கேமரா எந்த ஊருக்குப் போகுமோ, யார் மேஜையில் திறப்பார்களோ!

"நாளைக்கு நானே கொண்டுபோய்க் காட்டறேன். அவன் சொல்றதக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றாள்.

"மூணு நாளா நாளைக்கு நாளைக்குன்னுதான் சொல்ற. என்னதான் ஆச்சு உனக்கு? இந்த டப்பாவுக்கு இவ்ளோ யோசனையா?"

தல்ஹா எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தலை நிமிர்ந்து ஒரு தடவை அண்ணியைப் பார்த்தான். பிறகு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். "என்னங்க, ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்ற நாலு வார்த்தை போதும். ஜுபைர் கத்தியிருப்பான், அரை நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், அப்புறம் அவனே இடுக்கியைக் கையில் எடுத்திருப்பான். சொல்லவில்லையே, பாவி!

பத்து மணிக்கு ஜுபைர் அடி அண்ணாமலைக்குக் கிளம்பினான். அங்கே இராமலிங்கம் என்பவர் வீட்டில் காதுகுத்து. அதற்கு முன்பே ஜீனத் கலெக்டர் ஆபீஸ் பின்புறத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆல்பம் கொடுக்கப் போயிருந்தாள். அங்கேயும் ஓர் அம்மாவை எதிரே உட்காரவைத்து, கையோடு கொண்டுபோன லேப்டாப்பில் ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினாள். "உன்ன மாதிரி நேர்மை யாருக்கும்மா வரும்?" என்று அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். ஜீனத் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்றரை. பீரோ மேலிருந்த கேமரா பையை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கை மேலே போயிற்று. பையில் பாதிக் கனம்கூட இல்லை.

லென்ஸ் இருந்தது. சார்ஜர் இருந்தது. கேமரா இல்லை.

ஜுபைருக்கு போன் போட்டாள். காதுகுத்து வீட்டு நாதஸ்வரத்துக்கு நடுவில் அவன் சந்தோஷமாகக் கத்தினான்.

"பார்த்துட்டியா? தல்ஹாகிட்ட முருகவேல் கடைக்குக் குடுத்து அனுப்பிட்டேன். உன்ன விட்டா இந்த வருஷம் பூரா யோசிப்ப. சாயந்திரம் புதுசு வந்துடும்."

"என் கேமராவ யாரும் தொடக்கூடாதுன்னு..."

"கார்டுதான் வெளியே இருக்கே! நானே மூடியத் திறந்து பார்த்தேன், முதல் ஸ்லாட் காலி. கார்டு இல்லாத கேமரா வெறும் டப்பாதானே? எதுக்கு இப்படி பதறுற?"

முதல் ஸ்லாட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறான். அவனுடைய கேமராவில் இருப்பதே ஒன்றுதான், இன்னொன்றைத் தேட அவனுக்கு எப்படித் தோன்றும்?

தல்ஹாவுக்குப் போட்டாள். சுவிட்ச் ஆஃப். இன்னொரு தடவை போட்டாள். அதே பதில்.

பர்தாவை மாட்டிக்கொண்டு ஓடினாள். பௌர்ணமி அன்றைக்கு ஊருக்குள் எந்த வண்டி போகும்? ஆட்டோக்காரன் பாதி வழியில் போலீஸ் தடுப்பைக் காட்டி இறக்கிவிட்டான். மீதி தூரம் நடை. எதிரே மலை சுற்ற வந்த கூட்டம் வெறுங்காலோடு வந்துகொண்டே இருந்தது. அவள் ஒருத்தி மட்டும் கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். வழியில் எத்தனை பேர் மேல் மோதினாளோ தெரியாது. ஒரு கிழவர் "மெல்லப் போம்மா, யாரு தொரத்துறாங்க?" என்றார். யார் துரத்துகிறார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

முருகவேலின் கடை தேரடித் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை. மேஜை விளக்கின் கீழே அவளுடைய கேமரா பிரிந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிரே வந்தது.

"வாங்கக்கா. பாய் எக்ஸ்சேஞ்சுனு சொன்னாரு. ஆனா ரிப்பேரே பண்ணலாம் போல இருக்கு. போர்டு நல்லாத்தான் இருக்கு. ஷட்டர் மட்டும்..."

"உள்ள ஒரு கார்டு இருந்துச்சே முருகவேல்?"

"ஆமாக்கா. ஸ்பிரிங் உடைஞ்சு சிக்கிகினு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"குடு."

முருகவேல் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"உங்க தம்பி வாங்கிகினு போயிட்டாரேக்கா."

ஜீனத் கடையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எப்போ?"

"ஒரு மணி நேரம் இருக்கும். கார்டு கெட்டுப்போச்சானு பாருங்கன்னாரு. கம்ப்யூட்டர்ல போட்டேன். முதல் படம் வந்ததும் நான் மூஞ்சியத் திருப்பிகினேங்கா, சத்தியமா. உங்க வீட்டுப் பொம்பளைங்க படம்னு தெரிஞ்சுபோச்சு. நீங்களே மூடிடுங்கனு சொல்லிட்டு வெளிய வந்து நின்னுட்டேன்."

"அவன்?"

"அவரு பார்த்துகினே இருந்தாரு." முருகவேல் தயங்கினான். "நான் திரும்பி வந்தப்போ ஒரே படம்தான் திறந்திருந்துச்சு. கல்யாணப் பொண்ணு. ரெண்டு கை மருதாணியும் காட்டி சிரிக்குது. ரொம்ப நேரமா அதையே பார்த்துகினு இருந்திருக்காரு போல. கார்ட எடுத்து சட்டைப் பையில போட்டுகினாரு. 'அழிச்சிட்டேன்னு சொன்னாங்க'ன்னு மட்டும் ஒரு வார்த்த சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலக்கா. ஏதாவது தப்பா?"

"வேற எதுலயாவது காப்பி போட்டானா?"

"நான் வெளிய நின்னேனே அக்கா! எனக்கு எப்படித் தெரியும்?"

நல்ல மனுஷன். மரியாதைக்காக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

ஜீனத் தெருவுக்கு வந்தாள். பெரிய கோபுரம் வெயிலில் நின்றது. கீழே விபூதி விற்கிறவன் கூவிக்கொண்டிருந்தான். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

பிர்தௌஸின் முகம்தான் கண்ணெதிரே நின்றது. ஆம்பூர்க்காரர்கள் கறாரானவர்கள். கல்யாணத்துக்கு முன்பே ஒன்றுக்கு நாலு தடவை கேட்டுத்தான் சம்மதித்தார்கள்: "பொம்பளைங்க பக்கம் போட்டோ எடுக்கறது யாரு? வெளிய போகாதே?" அஜ்மத் பேகம் ஜீனத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர்களை அடக்கினார். இப்போது அந்தப் பெண்ணின் படம், அவளைப் பெண் கேட்டு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தனின் சட்டைப் பையில் இருக்கிறது. யார் கேட்டாலும் என்ன நினைப்பார்கள்? பிர்தௌஸே கொடுத்தாள் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு மாதத்துக் குடித்தனம் ஒரு நாளில் முடிந்துபோகும்.

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? ஜுபைரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நான் சொல்றதக் குறுக்கப் பேசாம கேளுங்க. அந்தக் கேமராவுல இன்னொரு கார்டு இருந்துச்சு. எல்லாத்தையும் அழிக்கறேன்னு சொன்னது பொய். ரெண்டு வருஷமா பொய். பிர்தௌஸ் கல்யாணமும் அதுலதான் இருக்கு. இப்போ அது தல்ஹாகிட்ட."

நாதஸ்வரச் சத்தம் தூரப் போயிற்று. அவன் வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது.

"எத்தனை வீடு?" என்றான்.

"பதினொண்ணு."

"யா அல்லா..." அவன் குரல் உடைந்தது. "எங்கிட்ட ஏன்டி சொல்லல? நான் உன் கேமராவத் தொட்டதே இல்லையேடி! ஊரு பூரா மார் தட்டிக்கினு திரிஞ்சேனே, என் பொண்டாட்டி மாதிரி உண்டான்னு..."

"அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. இப்போ தல்ஹாவப் புடிக்கணும்."

"அவன் அப்படியெல்லாம் பண்றவன் இல்ல ஜீனத். என் தம்பிய எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அவனே நிறுத்தினான். "வண்டிய எடுத்துகினு போயிருக்கான். ஜும்ஆ தொழுகைக்கு நம்ம பள்ளிவாசலுக்கு வந்திருக்கானான்னு கேட்டுப் பார்க்கறேன். நீ அங்கேயே இரு. வரேன்."

தொழுகை நேரம் தாண்டி, மணி இரண்டாகப் போகும்போதுதான் அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவளைத் திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அஜ்மத் மாமிக்கு நான் சொல்லிடறேங்க" என்றாள். "வேற யார் மூலமாவது தெரியறதுக்குள்ள என் வாயாலயே சொல்லிடறேன். கால்ல விழுந்துக்கறேன். பிர்தௌஸ் மேல எந்தத் தப்பும் இல்லன்னு ஒருத்தராவது முன்கூட்டியே தெரிஞ்சுக்கட்டும்."

"சொன்னா நம்ம தொழில் அன்னிக்கே முடிஞ்சுது. தெரியுமில்ல?"

"தெரியும்."

ஜுபைர் அவளைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். அவனே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அஜ்மத் பேகம்.

"ஜீனத்தா? உனக்கு நூறு ஆயுசும்மா! இப்போதான் உன்னப் பத்திப் பேசிகினு இருந்தோம். பிர்தௌசும் மாப்பிள்ளையும் காலைல வந்தாங்க. ஒரு நல்ல விசேஷம். வீட்டுல சின்னதா ஒரு விருந்து வெக்கலாம்னு இருக்கோம். நீதான் வந்து படம் எடுக்கணும், வேற யார நம்பறது? அன்னிக்கு என் கண்ணெதிர்ல அழிச்சியே, அத மாப்பிள்ளைகிட்ட சொல்லிச் சொல்லி என் வாயே வலிக்குது."

ஜுபைர் ஜீனத்தின் தோளைத் தொட்டான்.

"மாமி, ஒரு விஷயம்..."

"இரும்மா, மறந்தேபோச்சு. நீ எதுக்குக் கூப்பிட்டேன்னு தெரியும். உன் கொழுந்தன் பத்திரமா வந்து சேர்ந்துடுச்சு. முன் ரூம்புல உக்காந்திருக்கு. ஏதோ குடுத்து அனுப்பிச்சியாமே? பழசயெல்லாம் மனசுல வெச்சுக்காம வந்துச்சே, நல்ல பிள்ளைதான். எங்கிட்ட குடுப்பான்னு கேட்டா மாட்டேங்குது. மாப்பிள்ளை தொழுதுட்டு வரட்டும், அவரு கையிலதான் குடுப்பேங்குது. சோறு போடறேன்னாலும் வேணாங்குது. என்னம்மா அனுப்பியிருக்க அப்படி?"

ஜுபைர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தேரடித் தெருவின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டான். மலை சுற்றப் போகிறவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

"மாமி, அது பிர்தௌஸோட படம்." ஜீனத்துக்குத் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. "கல்யாணப் படம். நான் அழிக்கல. உங்க கண்ணெதிர்ல அழிச்சது பாதி பொய். அவன் திருட்டுத்தனமா எடுத்துகினு வந்திருக்கான். பிர்தௌசுக்கு ஒண்ணும் தெரியாது மாமி. எல்லாம் என் தப்பு. எப்படியாவது அத வாங்கிடுங்க, உங்க காலப் புடிச்சுக்கறேன்..."

அந்தப் பக்கம் அஜ்மத் பேகம் நாற்காலியை விட்டு எழும் சத்தம் கேட்டது.

"எத்தன பேரு பார்த்திருக்காங்க?" என்றார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு சிரித்துக்கொண்டிருந்த குரல் அது இல்லை.

ஜீனத் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் போனில் கேட் திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ படியேறி வந்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது ஒரு புதுக் குரல். ஆம்பூர் மாப்பிள்ளை.

"வ அலைக்கும் ஸலாம்" என்று தல்ஹா பதில் சொன்னது, ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.